உயிரணுவின் வாயிற் கோலம்



பிற மாநிலத்து நகரம் ஒன்றில் விடியற்காலையில் ஒரு தெரு வழியே நடந்து செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். வீடுகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஒரு வாயிலில் மட்டும் தண்ணீர் தெளித்து, மாக்கோலம் இட்டிருக்கிறார்கள். அதைக் கண்டவுடனே, அவ்வீட்டார் விழித்தெழுந்துவிட்டனர், அன்றைய வேலை தொடங்கிவிட்டது என்று நாம் அறிந்துகொள்கிறோம். வீடு நேற்றும் அங்கேதான் இருந்தது, நாளையும் இருக்கும். வீடு இருக்கிறது என்பது ஒரு செய்தி. வீடு விழித்திருக்கிறது என்பது வேறொரு செய்தி. பின்னதைக் கூறுவது கோலமே.

நம் உடலின் உயிரணுக்களுக்கும் வாயில்கள் உண்டு. அவற்றை ஏற்பிகள் என்பர். வெளியிலிருந்து வரும் 'வளர்க' என்னும் கட்டளையை ஏற்று உள்ளே அனுப்புவது அவற்றின் தொழில். கட்டளை வந்த கணத்தில் ஏற்பியின் மீது ஒரு சிறு அடையாளம் பொறிக்கப்படுகிறது. பாஸ்பரமும் பிராணவாயுவும் சேர்ந்த பாஸ்பேட்டு என்னும் சிறு தொகுதியே அவ்வடையாளம். அஃது இருந்தால் ஏற்பி விழித்திருக்கிறது, இல்லையேல் உறங்குகிறது. இந்த அடையாளம் பொறித்த ஏற்பியை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் ஒரு பொருளை விஞ்ஞானிகள் ஆக்கியுள்ளனர். எதிர்ப்பொருள் என்று அதனை அழைக்கிறோம். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களின் குளிர்ப்பெட்டிகளில் சிறு குப்பிகளில் இருந்துவரும் அப்பொருளின் வரலாற்றையே இவ்வுரையில் கூற முற்படுகிறேன். அவ்வரலாற்றில் ஓர் அம்மையாரின் படுக்கையறை உண்டு. பாம்பின் நஞ்சு உண்டு. சோம்பலால் விளைந்த நன்மை உண்டு. இறுதியில் புற்றுநோயாளர் பலரின் உயிர் பற்றிய வினாவும் உண்டு.

இக்கதை இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்தில் தொடங்குகிறது. 1909-ஆம் ஆண்டில் அங்கே பிறந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி என்னும் அம்மையார் மருத்துவம் பயின்று, நரம்புகளின் வளர்ச்சியை ஆராய விழைந்தார். ஆனால் 1938-இல் முசோலினியின் ஆட்சி இயற்றிய இனச் சட்டங்கள் யூதர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகளை அடைத்துவிட்டன. அம்மையார் யூத குலத்தவர். அவர் மனம் தளரவில்லை. தம் இல்லத்துப் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். கோழி முட்டைகளை வாங்கி, அவற்றினுள் வளரும் கருவின் நரம்புகளை நுண்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். குண்டுவீச்சுக்கு அஞ்சி நாட்டுப்புறத்துக்குக் குடிபெயர்ந்தபோதும் அப்பணி நிற்கவில்லை.

போர் முடிந்தபின், 1947-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் கருவியல் அறிஞர் விக்டர் ஹாம்பர்கர். ஹாம்பர்கரின் மாணவரான எல்மர் ப்யூக்கர் ஒரு வியப்பான செய்தியை 1948-இல் வெளியிட்டிருந்தார். சுண்டெலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக்கருவில் பொருத்தினால் கருவின் நரம்பு இழைகள் அக்கட்டியை நோக்கிப் பெருகி வளர்கின்றன என்பதே அது. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து நரம்புகளை வளரச் செய்கிறது என்று அம்மையார் கருதினார். அதனை மெய்ப்பிக்க, 1952-இல் கட்டியுற்ற சுண்டெலிகளை விமானத்தில் தம்மோடு எடுத்துக்கொண்டு பிரேசில் நாட்டு ரியோ டி ஜனீரோவுக்குச் சென்றார். அங்குத் திசுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் கலையில் வல்லவரான ஹெர்த்தா மேயர் பணியாற்றி வந்தார். கட்டித் துணுக்கின் அருகே நரம்பு முடிச்சை வைத்தபோது, ஒரே நாளுக்குள் கதிரவனைச் சுற்றிய பரிவட்டம்போல் நரம்பு இழைகள் நாற்புறமும் விரிந்தன. நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் பொருள் உண்டென்பது இவ்வாறு புலனாயிற்று.

அப்பொருள் யாது என்று பிரித்தறிய ஓர் இரசாயன அறிஞர் தேவைப்பட்டார். 1953-இல் ஸ்டான்லி கோஹன் அம்மையாரோடு சேர்ந்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். காரணிப் பொருளில் நியூக்ளிக் அமிலம் கலந்திருக்கிறதா என்று அறிவதற்காக, அவ்வமிலத்தைச் சிதைக்கும் நொதியுள்ள பாம்பு நஞ்சை அவர் சிறிது சேர்த்துப் பார்த்தார். நரம்பு வளர்ச்சி குறைவதற்கு மாறாகப் பன்மடங்கு மிகுந்தது. நஞ்சிலேயே அக்காரணி செறிந்து கிடந்தது! பாம்பின் நஞ்சுப்பை உமிழ்நீர்ச் சுரப்பியின் இனத்தைச் சேர்ந்ததன்றோ என்று எண்ணிய கோஹன், ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தார். அங்கும் அக்காரணி நிறைந்திருந்தது.

இங்கேதான் நம் கதைக்கு உரிய திருப்பம் வருகிறது. அச்சுரப்பிச் சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது, வழக்கமாக 12 முதல் 14 நாள்களில் திறக்கும் கண்கள் 6 அல்லது 7 நாள்களிலேயே திறந்துகொண்டன. பற்களும் முன்னதாகவே முளைத்தன. நரம்பு வளர்ச்சிக் காரணிக்கும் கண் இமை திறப்பதற்கும் தொடர்பு இல்லை. எனவே சாற்றில் வேறொரு காரணியும் இருத்தல் வேண்டும் என்று கோஹன் துணிந்தார். 1959-இல் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் சென்றார். அப்பொருளைப் பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தார். தோலின் மேலடுக்கை வளரச் செய்வதால் அது மேற்றோல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது. 53 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம் அது என்பது 1972-இல் தெரிந்தது. இவ்விரு காரணிகளைக் கண்டமைக்காக 1986-இல் அம்மையாருக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கட்டளை இடும் பொருள் தெரிந்துவிட்டது. அதை ஏற்கும் வாயில் எது? கோஹனும் அவர்தம் உடனாய்வாளர் கிரகாம் கார்ப்பென்டரும் காரணிக்குக் கதிரியக்க அயோடினால் அடையாளமிட்டு, அஃது உயிரணுக்களின் மேற்பரப்பில் குறிப்பிட்ட இடங்களில் சென்று ஒட்டுவதை 1970-களின் நடுவில் காட்டினர். அவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் உதவியது ஏ-431 என்னும் உயிரணு வகை. முதிய மாது ஒருவரின் புற்றுக்கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட அவ்வகை உயிரணு ஒவ்வொன்றின் மீதும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏற்பிகள் இருந்தன. சாதாரண உயிரணுக்களில் உள்ளவற்றைக் காட்டிலும் இது பன்மடங்கு அதிகம். ஒரு புற்றுக்கட்டியில் வளர்ச்சி வாயில்கள் இத்துணை மிகுந்திருப்பது தற்செயலா என்னும் ஐயம் அப்பொழுதே எழுந்திருக்க வேண்டும். 1978-இல் அவர்கள் வேறொன்றையும் கண்டனர். அவ்வுயிரணுச் சவ்வில் காரணியைச் சேர்த்தவுடன் சவ்வுப் புரதங்களில் பாஸ்பேட்டு ஏறிற்று. ஏற்பியின் மீதே மிகுதியாக ஏறிற்று.

புரதங்களில் பாஸ்பேட்டு ஏறுவதும் இறங்குவதும் புதிய செய்தி அன்று. சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையில் சர்க்கரையை விடுவிக்கும் நொதி ஒன்று பாஸ்பேட்டு ஏறினால் வேலை செய்கிறது, இறங்கினால் ஓய்கிறது என்று 1955-லேயே காட்டியிருந்தனர். 1992-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பாஸ்பேட்டு அமரும் இருக்கைகள் செரின், திரியோனின் என்னும் இரு அமினோ அமிலங்களே என்று எல்லோரும் நம்பியிருந்தனர்.

அந்நம்பிக்கையைக் கலைத்தவர் கலிபோர்னியாவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டோனி ஹன்டர். 1979-இல் கட்டி விளைக்கும் வைரஸ் ஒன்றின் புரதத்தை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். பாஸ்பேட்டு ஏறிய அமினோ அமிலங்களை மின்னோட்டத்தால் பிரிப்பதற்கு ஓர் அமிலக் கரைசல் வேண்டும். அன்று அவர் புதிய கரைசல் கலக்கச் சோம்பி, பன்முறை பயன்பட்ட பழைய கரைசலையே எடுத்தார். பழையதானதால் அதன் அமிலத்தன்மை சற்றே மிகுந்திருந்தது, 1.9 என இருக்கவேண்டிய அளவு 1.7 ஆகியிருந்தது. புதிய கரைசலில் ஒன்றோடொன்று கலந்து நின்றிருக்கக்கூடிய இரு புள்ளிகள் அதில் தனித்தனியே பிரிந்து தோன்றின. மூன்றாவதொரு புள்ளி இருந்தது. அது டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் மீது ஏறிய பாஸ்பேட்டு! மறு ஆண்டே கோஹனின் ஆய்வுக்கூடம், மேற்றோல் காரணியின் ஏற்பியிலும் பாஸ்பேட்டு அமர்வது டைரோசினில்தான் என்று நிறுவியது.

இவ்வடையாளம் எவ்வளவு அரிது என்பதையும் ஹன்டரின் குழுவினர் அளந்தனர். சாதாரண உயிரணுவில் புரதங்களின் மேல் உள்ள பாஸ்பேட்டு முழுவதையும் பத்தாயிரம் பங்காகக் கொண்டால், டைரோசினில் இருப்பது ஏறத்தாழ மூன்று பங்கே. வைக்கோற்போரில் ஊசி தேடுவது இதனினும் எளிது எனலாம். அக்காலத்தில் அதைத் தேடும் முறையோ கடினமானது. உயிரணுக்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரத்தை ஊட்டி, புரதத்தைப் பிரித்து, வன்மையான அமிலத்தில் கொதிக்க வைத்துச் சிதைத்து, மின்னோட்டத்தால் பரப்பி, ஒளிப்படத் தாளில் நாள்கணக்கில் பதித்துப் பார்க்கவேண்டும். நோயாளியின் கட்டித் துணுக்குக்கு இம்முறை ஏலாது. வேறு வழி வேண்டும். அவ்வழியே எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருளின் கதை இதனினும் பழமையானது. 1890-இல் பெர்லினில் எமில் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும், தொண்டை அடைப்பான் நோய், இசிவு நோய் ஆகியவற்றின் நஞ்சைச் சிறிதளவில் பெற்ற விலங்கின் குருதியில் அந்நஞ்சை முறிக்கும் பொருள் தோன்றுவதைக் கண்டனர். ஒவ்வோர் அயற்பொருளுக்கும் உடல் தனித்தனி எதிர்ப்பொருளை ஆக்குகிறது. அதன் கூர்மை எத்தகையது என்பதைக் காட்டியவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். குருதி வகைகளைக் கண்டு 1930-இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. சிறு இரசாயனத் தொகுதி ஒன்றைத் தனியே செலுத்தினால் உடல் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பெரிய புரதத்தின் மேல் ஒட்டிச் செலுத்தினால் அச்சிறு தொகுதிக்கெனவே எதிர்ப்பொருள் தோன்றுகிறது. ஒரே தொகுதி வளையத்தில் இடம் மாறி அமர்ந்தாலும் எதிர்ப்பொருள் வேற்றுமை காண்கிறது. 'பொட்டு இட்ட முகம் வேறு, பொட்டு இல்லா முகம் வேறு' என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது இதனால் விளங்கியது.

1975-இல் கேம்பிரிட்ஜில் கேலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் ஆக்கும் ஓர் உயிரணுவையும் அழிவின்றிப் பெருகும் புற்றணுவையும் இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை வற்றாது சுரக்கும் உயிரணுவை உண்டாக்கினர். 1979-இல் பாசெல் நகரில் டோபினும் அவர் நண்பர்களும், புரதங்களைக் கூழ்ப்பலகையில் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றி, அத்தாளின் மேல் எதிர்ப்பொருளைப் படரவிடும் முறையை வெளியிட்டனர். 1981-இல் சியாட்டிலைச் சேர்ந்த பர்னெட் இதற்கு 'வெஸ்டர்ன்' ஒற்றுமுறை என்று பெயரிட்டார். மரபுப்பொருளைத் தாளுக்கு மாற்றும் முறையை 1975-இல் கண்டவர் சதர்ன் என்னும் பெயரினர். அச்சொல்லுக்குத் தெற்கு என்றும் பொருள். அதனால் புதிய முறைக்கு மேற்கு என்று பெயர் வைத்தார்! விஞ்ஞானிகளுக்கும் நகைச்சுவை உண்டு.

இனி, இரு கிளைகளும் கூடும் இடத்துக்கு வருவோம். 1981-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ராஸ், பால்டிமோர், ஐசன் ஆகிய மூவர் டைரோசினில் ஏறிய பாஸ்பேட்டைக் கண்டறியும் எதிர்ப்பொருளை ஆக்கினர். அதில் ஓர் இடர் இருந்தது. பாஸ்பேட்டை அப்படியே விலங்குக்குச் செலுத்தினால், உடலிலுள்ள நொதிகள் அதனைச் சீவி எறிந்துவிடும். ஆகவே பாஸ்பேட்டைப்போலவே தோற்றமுடைய, ஆனால் நொதிகளால் வெட்டவியலாத பாஸ்போனேட்டு என்னும் போலியை அவர்கள் செய்தனர். லாண்ட்ஸ்டைனரின் வழியில் அதைப் புரதத்தின்மேல் ஒட்டிச் செலுத்தினர். போலிக்கு எதிராகத் தோன்றிய எதிர்ப்பொருள் மெய்யான பாஸ்போடைரோசினையும் பற்றியது.

இத்தகைய எதிர்ப்பொருள் கோலம் இட்ட எந்த வாயிலையும் காட்டும். அது யார் வீட்டு வாயில் என்று கூறாது. புரதங்கள் பலவற்றில் டைரோசின் பாஸ்பேட்டு உண்டு. இன்ன ஏற்பியின் இன்ன இடத்தில் என்று அறியவேண்டுமாயின் அவ்விடத்துக்கே உரிய எதிர்ப்பொருள் வேண்டும். அதற்கு ஏற்பியின் முழு அமைப்பும் தெரிதல் வேண்டும். 1984-இல் அவ்வாய்ப்புக் கிட்டியது. லண்டனில் வாட்டர்ஃபீல்டின் குழுவினரும் கலிபோர்னியாவில் உல்ரிச்சும் சேர்ந்து ஏற்பியின் அமினோ அமில வரிசையை வெளியிட்டனர். 1186 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தின் ஒரு பகுதி உயிரணுவுக்கு வெளியே நிற்கிறது. ஒரு சிறு பகுதி சவ்வை ஊடுருவுகிறது. எஞ்சியது உள்ளே தொங்குகிறது. அதே ஆண்டில் மற்றோர் அதிர்ச்சியும் வந்தது. கோழிகளுக்குப் புற்றுநோய் விளைக்கும் வைரஸ் ஒன்றின் மரபணு, இவ்வேற்பியின் மரபணுவைப் பெரிதும் ஒத்திருந்தது. வாயிலின் வெளிப்பகுதி அறுபட்டு, கட்டளை இல்லாமலே எப்போதும் விழித்திருக்கும் ஏற்பியே புற்றுக்குக் காரணம் என்பது விளங்கியது. ஏ-431 உயிரணு எழுப்பிய ஐயம் வீணன்று.

ஏற்பி எவ்வாறு விழிக்கிறது? வெளியே காரணி வந்து ஒட்டியதும் இரு ஏற்பிகள் அணுகி இணைகின்றன. உட்புறத்தில் ஒன்று மற்றொன்றின் வால்பகுதியிலுள்ள டைரோசின்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அவ்விடங்களில் 1068, 1148, 1173 என்னும் எண்ணுடையவை முதலில் அறியப்பட்டன. புரதம் ஆக்கப்படும்போது முன்னால் இருந்து பின்னர் வெட்டப்படும் 24 அமினோ அமிலங்களையும் சேர்த்து எண்ணுவோர் 1068-ஐ 1092 என்று குறிப்பர். நூல்களில் இரு எண்ணும் காணப்படுவதன் காரணம் இதுவே. பாஸ்பேட்டு ஏறிய வாலில் உயிரணுவின் பிற புரதங்கள் வந்து பொருந்துகின்றன. அவற்றின் வழியே கட்டளை உட்கருவைச் சென்றடைகிறது. உயிரணு இரண்டாகப் பிரிகிறது.

இடமறிந்த எதிர்ப்பொருளை ஆக்கும் முறை இவ்வாறு அமைந்தது. ஏற்பியின் வாலிலிருந்து பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலங்களுடைய துண்டு ஒன்றைப் பாஸ்பேட்டுடன் செயற்கையாகச் செய்து, ஒரு பெரிய புரதத்தில் ஒட்டி முயலுக்குச் செலுத்துவர். சில வாரங்களில் முயலின் குருதிநீரில் எதிர்ப்பொருள்கள் தோன்றும். அவற்றுள் பாஸ்பேட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பற்றுவன சில. இருந்தால் மட்டுமே பற்றுவன சில. பாஸ்பேட்டு இல்லாத துண்டை ஒட்டிய குழாயின் வழியே குருதிநீரைச் செலுத்தி முன்னவற்றை நீக்குவர். பிறகு பாஸ்பேட்டு உள்ள துண்டின் வழியே செலுத்திப் பின்னவற்றைப் பிடித்துக்கொள்வர். நெல்லைப் புடைத்துப் பதரை நீக்கிப் பின் கல்லைப் பொறுக்குவது போன்ற இருமுறைத் தூய்மை இது. 1992-இல் யேல் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டெர்னும் உடனுழைத்தோரும் இவ்வழியில் பாஸ்போடைரோசின் துண்டுக்கு எதிராக ஆக்கிய குருதிநீர், மேற்றோல் காரணியின் ஏற்பியையும் அதன் உடன்பிறப்பான மற்றோர் ஏற்பியையும் விழித்த நிலையில் காட்டியது. பின்னர் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி எதிர்ப்பொருள்கள் வந்தன.

நேயர்களே, இவ்வளவும் கூர்மதியினரின் விளையாட்டா, மக்களுக்குப் பயன்பட்டதா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன்.

1980-களின் பிற்பகுதியில் பாஸ்டன் நகரத்து டானா-ஃபார்பர் நிலையத்தில் பிரையன் டிரக்கர் என்னும் இளம் மருத்துவர், 4ஜி10 எனப் பெயரிய பாஸ்போடைரோசின் எதிர்ப்பொருளை உருவாக்குவதில் ஈடுபட்டார். உயிரணுவில் டைரோசின் பாஸ்பேட்டு ஏறுவதை ஒரு மருந்து தடுக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் காணும் கருவி அவருக்குக் கிடைத்தது. நாட்பட்ட வெள்ளணுப் புற்றுநோய்க்குக் காரணமான பாஸ்பேட்டு ஏற்றும் நொதி ஒன்றைத் தடுக்கும் மருந்தைத் தேடி, இமாட்டினிப் என்னும் பொருளை அவர் நோயாளரிடம் கொண்டு சேர்த்தார். 1998-இல் நோயாளருக்குக் கொடுத்துச் சோதித்தனர். 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சில ஆண்டுகளில் உயிர் பறிக்கும் நோயாக இருந்தது, நாள்தோறும் மாத்திரை உண்டு வாழக்கூடிய நோயாக மாறிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி நம் ஏற்பியைப் பற்றியதே. மேற்றோல் காரணியின் ஏற்பியை உறங்கச் செய்யும் ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரை நுரையீரற் புற்றுநோய்க்கென 2002-இல் ஜப்பானிலும் 2003-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. ஆனால் ஒரு புதிர். அமெரிக்க நோயாளருள் பத்தில் ஒருவருக்கு மட்டும் கட்டி வியக்கத்தக்க வகையில் சுருங்கியது. மற்றவர்களுக்குப் பெரும்பயன் இல்லை. யாருக்குப் பயன்படும் என்று முன்கூட்டி அறியாவிட்டால் ஒன்பதின்மர் வீணே காலமும் பொருளும் இழப்பர். அல்லது, பயனில்லை என்று மருந்தையே கைவிட்டால், அந்த ஒருவர் உயிர் இழப்பார்.

2004-இல் அமெரிக்காவில் மூன்று குழுவினர் ஏறத்தாழ ஒரே காலத்தில் விடை கண்டனர். மருந்தால் பயன்பெற்றோரின் கட்டிகளில் அவ்வேற்பியின் மரபணு பிறழ்ந்திருந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழுவினர் ஆராய்ந்தவருள், பயன்பெற்ற 9 பேரில் 8 பேருக்குப் பிறழ்வு இருந்தது. பயன்பெறாத 7 பேரில் ஒருவருக்கும் இல்லை. பிறழ்வு இருப்பதாலேயே ஏற்பி வேறு விதமாக நடந்துகொள்கிறது என்று எப்படிக் கூறுவது? இங்கேதான் 1068-ஆம் இடத்துக்குரிய எதிர்ப்பொருள் சாட்சி சொல்ல வந்தது. காரணியைச் சேர்த்தபின், இயல்பான ஏற்பியின் விழிப்புக் கால்மணி நேரத்துக்குப் பின் தணிந்தது. பிறழ்ந்த ஏற்பியோ மூன்று மணி நேரம் வரை விழித்தே இருந்தது. மருந்தைச் சேர்த்தபோது, இயல்பான ஏற்பியை முற்றும் அடக்கத் தேவைப்பட்ட அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பிறழ்ந்த ஏற்பியை அடக்கப் போதியதாயிற்று. எந்தப் பிறழ்வு புற்றை வளர்த்ததோ அதுவே புற்றை மருந்துக்கு எளிய இலக்காகவும் ஆக்கியிருந்தது. தாளில் தோன்றிய சில கரும்பட்டைகள் இவ்வுண்மையைக் காட்டின.

இதன் பயன் நம் நாட்டையும் வந்தடைந்தது. மும்பையில் வாழும் தமிழர்கள் பரேல் பகுதியிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையை நன்கறிவர். 1941-இல் திறக்கப்பட்டது அது. அங்குள்ள ஆய்வாளர்கள் இந்திய நோயாளர் 907 பேரின் ஒருவகை நுரையீரற் புற்றை ஆராய்ந்து, நூற்றுக்கு 23 பேருக்கு இவ்வேற்பியின் பிறழ்வு இருப்பதாக 2013-இல் வெளியிட்டனர். பின்னர் அதே மருத்துவமனையில் பிறழ்வுடைய 350 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஜெஃபிட்டினிப் மட்டும், மற்றொரு பிரிவினருக்கு அதனோடு வேறிரு மருந்துகளும் கொடுத்தனர். நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்த நடுத்தரக் காலம் முதற் பிரிவில் 8 மாதம். இரண்டாவதில் 16 மாதம். கூட்டு மருந்தால் தீய விளைவுகளும் மிகுந்தன என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 2020-இல் வெளிவந்த இம்முடிவு உலகத்தாரின் கவனத்தைப் பெற்றது.

இத்துணைச் சிறப்பிருந்தும், இன்று மருத்துவமனைகளில் மருந்தைத் தேர்ந்தெடுக்கப் பாஸ்பேட்டு எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவதில்லை. மரபணுச் சோதனையையே நம்புகின்றனர். ஏன்? வாயிற்கோலம் காலடி பட்டால் அழிவதுபோல, கட்டியை உடலினின்று வெட்டியெடுத்தவுடன் உயிரணுக்களிலுள்ள நொதிகள் சில நிமிடங்களிலேயே பாஸ்பேட்டை நீக்கத் தொடங்கிவிடுகின்றன. துணுக்கைப் பதப்படுத்தச் சற்றுத் தாமதித்தாலும், விழித்திருந்த ஏற்பி உறங்கியதுபோல் தோன்றும். மரபணுவோ அவ்வாறு மாறுவதில்லை. எனவே எதிர்ப்பொருளுக்கு உரிய இடம் ஆய்வுக்கூடமே. புதிய மருந்து ஏற்பியை அடக்குகிறதா, அடங்கிய ஏற்பி ஏன் மீண்டும் விழித்தது என்பவற்றை அங்கே அது கூறுகிறது. ஜெஃபிட்டினிப் போன்ற மருந்தால் அடங்கிய கட்டி பெரும்பாலும் ஓராண்டளவில் மீண்டும் வளர்வதும், அதற்குக் காரணமான இரண்டாம் பிறழ்வு 2005-இல் அறியப்பட்டதும், அதையும் அடக்கும் மருந்து 2015-இல் ஒப்புதல் பெற்றதும் அத்தகைய ஆய்வுகளின் தொடர்ச்சியே.

ஆய்வுக்கூடத்திலும் இச்சாட்சியை அப்படியே நம்பிவிடலாகாது. குப்பியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு ஒன்று கூறும். உள்ளிருப்பது வேறொன்றைப் பற்றும். ஒரு முயலின் குருதிநீர் தீர்ந்து மற்றொன்று வந்தால் பண்பும் மாறலாம். எதிர்ப்பொருள்களின் நம்பகமின்மையால் பெரும் பொருளும் உழைப்பும் வீணாகின்றன என்று 2015-இல் விஞ்ஞானிகள் பலர் ஒன்றுகூடி எச்சரித்தனர். ஆகவே தேர்ந்த ஆய்வாளர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறார். காரணி சேர்த்த ஏ-431 உயிரணுவையும் சேர்க்காததையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். பாஸ்பேட்டை நீக்கும் நொதியைத் தாளின்மேல் படரவிட்டு, கரும்பட்டை மறைகிறதா என்று நோக்குகிறார். ஏற்பியே இல்லாத உயிரணுவில் பட்டை தோன்றினால், அச்சாட்சி பொய்ச்சாட்சி என்று தள்ளுகிறார்.

நேயர்களே, இவ்வரலாற்றில் யாரும் தாம் எங்குச் சென்று சேர்வோம் என்று அறிந்து புறப்படவில்லை. கோழிக்கருவை ஆராய்ந்த அம்மையார் நுரையீரற் புற்றுக்கு மருந்து தேடவில்லை. சுண்டெலியின் கண் முன்னதாகத் திறந்ததைக் கண்ட கோஹன், அது தம் ஆய்வுக்குப் புறம்பானது என்று ஒதுக்கிவிடவில்லை. பழைய கரைசலில் தோன்றிய புதிய புள்ளியை ஹன்டர் பிழையெனத் துடைத்தெறியவில்லை. எதிர்பாராததைக் கண்டபோது நின்று நோக்கிய பண்பே இவர்களை ஒன்றாக இணைப்பது.

நம் இல்லங்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கு நோய் வரும்போது, யாரிடம் எதைக் கேட்பது என்னும் திகைப்பு இயல்பு. குடும்பத்தில் எவர்க்கேனும் நுரையீரற் புற்று என்று மருத்துவர் கூறினால், "மரபணுச் சோதனை செய்தாயிற்றா? இதற்கு ஏற்ற மாத்திரை உண்டா?" என்று தயங்காமல் கேளுங்கள். புகை பிடிக்காதவராயிற்றே, பெண்ணாயிற்றே என்று வாளாவிருக்க வேண்டா; அத்தகையோரிடமே இப்பிறழ்வு மிகுதியாகக் காணப்படுகிறது. அவ்வொரு வினாவைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைப்பதற்கு முன்னால், தூரின் நகரத்துப் படுக்கையறையிலிருந்து அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு நடந்திருக்கிறது. அதைக் கேளாமல் விடுவது அவ்வுழைப்பைப் பயன்கொள்ளாமல் விடுவதாகும்.